தவபாலன் பேரில் ஒரு சீட்டு

பதினெட்டுப் பேர், பத்தொன்பது சீட்டு.
உடையார்கட்டில், என் வளவுத் தறப்பாள் பந்தலில்,
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, வெயில் தாழ்ந்தபின்.
கொப்பி என்னிடம். பேனை இன்பமலரிடம்;
அவள் எழுத்துத்தான் மற்றவர்க்கு விளங்கும்.

எல்லாருடைய மனிசன்மாரும் ஒருகாலம் களத்தில் நின்றவர்கள்.
எங்களில் பாதிப்பேர் அப்போதும் ஒரே ஒழுங்கை.
அன்றைக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது:
'அவர் இப்ப எங்க?' என்று கேட்கக்கூடாது.
அரிசி இருக்கோ என்று கேட்கலாம்.
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதோ என்று கேட்கலாம்.
வாகனம் ஒன்று ஒழுங்கைக்குள் மெதுவாய்த் திரும்பினால்
எல்லா வீட்டிலும் அடுப்பூதல் நின்றுவிடும்.
அது யாருடைய படலையில் நின்றதோ
அங்கே மற்றவர்கள் குடத்தோடு போவோம்.
என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும்
தண்ணீர் அள்ளத் தெரியும்.

இப்போது சந்திரமதியின் மனிசன் கட்டிலில்,
முள்ளந்தண்டுக்குள் ஒரு துண்டு இரும்போடு.
யோகசோதியினுடையவர் தடுப்பால் வந்து மேசன் வேலை.
என்னுடையவர் சிவில் பாதுகாப்புப் பண்ணையில்
ஒற்றைக்காலோடு கச்சானுக்குத் தண்ணீர் கட்டுகிறார்.
விடிய நாலரைக்கு அந்தச் சீருடை படலையைத் தாண்டும்போது
எங்கள் நாயே குரைக்கும்.
அவருடைய முதல் சம்பளத்தில் நான் சீட்டுக்காசை நீட்ட
யோகசோதி எண்ணாமல் வாங்கிப் பேணிக்குள் போட்டாள்.
அது நம்பிக்கையா கோபமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மங்களேஸ்வரி மட்டும் இரண்டு சீட்டு:
தன் பேரில் ஒன்று, தவபாலன் பேரில் ஒன்று.
வட்டுவாகலில் பஸ்ஸில் ஏறும்போது
'உதிலேயே நில், வாறன்' என்று சொன்னவர்.
மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று
கந்தோரில் சொன்ன அன்று
அவள் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

போன ஆவணியில் தவபாலனுக்குச் சீட்டு விழுந்தது.
தொண்ணூற்றையாயிரம்.
துண்டெடுத்த இன்பமலரின் கடைக்குட்டி
பேரை உரத்து வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தது.
கையெழுத்துக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
"நீ வையன், மங்களம்."
"நான் வைச்சா அவர் இல்லையெண்டு ஆகிடும்."
பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடி நின்றது.
"பேணிக்குள்ள கிடக்கட்டும். வந்து எடுப்பார்.
அதுவரைக்கும் தேவையான ஆக்கள் எடுத்துத் திருப்பி வையுங்கோ.
வட்டி கேக்கமாட்டார், அவர் அப்பிடி ஆளில்லை."

அன்றிலிருந்து கொப்பியின் கடைசிப் பக்கம் அவருக்கு.
யோகசோதியின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு முல்லைத்தீவு போனது
தவபாலனின் எட்டாயிரத்தில்.
நுண்கடன்காரன் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல்
இன்பமலரின் படலையில் உறுமிக்கொண்டு நின்ற நாளில்
இருபதாயிரம்.
சந்திரமதி வாங்கிய தண்ணீர் மெத்தை இன்னும் பாதி பாக்கி;
அவள் கேட்காமலே தவணையை நீட்டி எழுதினோம்.
அந்தப் பக்கத்தில் மட்டும் அடித்தல் திருத்தல் அதிகம்.
காசு குறைந்ததில்லை.

போன கிழமை நான் எடுத்தேன்.
இவருடைய பொய்க்காலின் வார் அறுந்துவிட்டது, ஆறாயிரம்.
ஆருடைய காசு என்று கேட்டார். சொன்னேன்.
காலைக் கழற்றி மடியில் வைத்தபடி
நெடுநேரம் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.
"அவனிட்ட நான் முந்தியும் ஒருக்காக் கடன்பட்டனான்," என்றார்.
எங்கே, எந்தச் சண்டையில் என்று நான் கேட்கவில்லை.
அந்தச் சட்டம் என் வாயில் இன்னும் இருக்கிறது.
சோறு போடவோ என்று கேட்டேன்.

இருபத்தைந்தாம் திகதி சம்பளம்.
மங்களத்தின் கையில்தான் கொடுக்கவேண்டும்.
எனக்கு முன்னால், தாள் தாளாய்,
அவள் எண்ணி வாங்கினால் நல்லது.